சேலத்துக்கு ஒரு நகரக் கவிஞர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்மாப்பேட்டையில் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு மாலை நாங்கள் பத்துப் பதினைந்து பேர் கூடிக் கவிதை வாசிக்கிறோம். சேலம் மாநகருக்கு ‘நகரக் கவிஞர்’ என்று ஒருவர் வேண்டும் என்ற பேச்சு அங்கேதான் எழுந்தது. அன்றிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாரும் கேள்வி கேட்கிறார்கள். காய்கறிக் கடையில் கேட்கிறார்கள், கல்யாண வீட்டில் கேட்கிறார்கள். முப்பது ஆண்டுகள் தமிழாசிரியையாக இருந்தவள் நான். கேள்வி கேட்டவரைப் பதில் இல்லாமல் அனுப்பிப் பழக்கமில்லை. அதனால் எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன்.

நகரக் கவிஞர் என்றால் யார்?

ஒரு நகரம் தன் கவிஞர்களுள் ஒருவரைக் குறிப்பிட்ட காலத்துக்குத் தேர்ந்தெடுத்து, ஊரின் இலக்கிய வாழ்வைக் கவனிக்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைக்கிறது. அந்தப் பொறுப்பில் இருப்பவர்தான் நகரக் கவிஞர். பெரும்பாலான ஊர்களில் பதவிக்காலம் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள். விருது, எழுதி முடித்ததற்குக் கிடைப்பது. இதுவோ இனிமேல் செய்யவேண்டிய வேலைக்காகக் கொடுப்பது. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்றவை எல்லாம் எளிதில் விளங்கிவிடும்.

சேலம் மாநகராட்சியில் இன்று அப்படி ஒரு பதவி இல்லை. இருக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை.

இது வெளிநாட்டு வழக்கம்தானே?

பதவியின் இன்றைய வடிவம் அங்கிருந்து வந்தது உண்மை. இங்கிலாந்தில் 1668-இல் ஜான் டிரைடன் முதல் அரசவைக் கவிஞராக நியமிக்கப்பட்டார். அது அரசருக்கான பதவி. நகரத்துக்கான பதவி மிகவும் பிந்தியது. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரம் 1996 முதல் தனக்கென ஒரு கவிஞரைத் தேர்ந்தெடுத்து வருகிறது. சான் பிரான்சிஸ்கோ 1998-இல் லாரன்ஸ் ஃபெர்லிங்கெட்டியைத் தேர்ந்தெடுத்தது. அவர் கவிஞர் மட்டுமல்ல, அந்நகரில் பலரும் கூடும் ஒரு புத்தகக் கடையை நிறுவியவர்களுள் ஒருவர். டொரண்டோ 2001-இலும், எடின்பரோ 2002-இலும் தொடங்கின. எடின்பரோவில் அந்தப் பதவிக்குப் பெயர் ‘மேக்கர்’. பழைய ஸ்காட்டிஷ் வழக்கில் கவிஞரைக் குறிக்கும் சொல் அது, பொருள் ‘செய்பவர்’. இதைப் படித்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. நாமும் ‘செய்’ என்ற வேரிலிருந்துதானே ‘செய்யுள்’ என்றோம்!

ஆனால் ஓர் ஊருக்காகக் கவிஞர் பேசும் வழக்கத்தை நாம் யாரிடமும் கடன் வாங்க வேண்டியதில்லை. தகடூர், அதாவது இன்றைய தருமபுரி, 1965 வரை சேலம் மாவட்டத்தில் இருந்த ஊர். அந்தத் தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, போர் மூளும் நிலையில் ஔவையாரைத் தொண்டைமானிடம் தூது அனுப்பினான். தொண்டைமான் தன் ஆயுதக் கொட்டிலைத் திறந்து காட்டினான். மயிற்பீலி சூட்டி, மாலை அணிவித்து, நெய் பூசி வைத்த வேல்கள். ‘இவை இங்கே அழகாகக் காவலில் இருக்கின்றன. எங்கள் தலைவனுடைய வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து, கொல்லனுடைய உலைக்கூடத்தில் கிடக்கின்றன’ என்ற பொருளில் பாடினார் ஔவை. புறநானூற்றின் 95-ஆம் பாட்டு அது. கேட்பவனைப் புகழ்வது போலவும் தன் ஊரின் வலிமையைச் சொல்வது போலவும் ஒரே மூச்சில் அமைந்த பேச்சு. நகரக் கவிஞருக்கு இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

அரசவைக் கவிஞரும் நகரக் கவிஞரும் ஒன்றுதானா?

இல்லை, ஆனால் உறவினர்கள். நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையை 1949-இல் சென்னை மாகாண அரசு அரசவைக் கவிஞராக அறிவித்தது. அதே ஆண்டு கன்னடத்துக்கு மஞ்சேஸ்வரம் கோவிந்த பையை ‘ராஷ்ட்ரகவி’ என்று சிறப்பித்ததும் அதே மாகாண அரசுதான். 1978-இல் கண்ணதாசன் தமிழக அரசின் அரசவைக் கவிஞரானார். இந்த இரண்டு தமிழ்க் கவிஞர்களுக்கும் நம் மண்ணோடு உறவு உண்டு. 1997-இல் தனி மாவட்டம் ஆகும்வரை நாமக்கல் சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. கண்ணதாசன் இளமையில் ஏற்காடு சாலையில் இருந்த மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற படப்பிடிப்பு நிறுவனத்தில் வேலை பார்த்தவர்.

இருந்தாலும் அரசவைக் கவிஞர் என்பது ஒரு பெரிய மனிதருக்கு அரசு சூட்டும் மகுடம். 1930-இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்துக்குப் போனவர்கள் நாமக்கல் கவிஞரின் பாட்டைப் பாடிக்கொண்டு நடந்தார்கள். அப்போது அவருக்கு எந்தப் பதவியும் இல்லை. மக்களோடு நடந்த அந்தப் பாட்டின் வேலைதான் நகரக் கவிஞரின் வேலைக்கு நெருக்கமானது என்று நான் நினைக்கிறேன்.

விழா மேடையில் வாழ்த்துப்பா வாசிப்பதுதானே அவர் வேலை?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். கேட்பதில் தவறும் இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு விழாவில் நானும் மேடையில் இருந்தேன். கவியரங்கத்துக்கு நாற்பது நிமிடம் என்று அழைப்பிதழில் அச்சிட்டிருந்தார்கள். வந்தவர்களை வரவேற்பதிலும் பொன்னாடை போர்த்துவதிலும் முப்பது நிமிடம் போய்விட்டது. ஆறு கவிஞர்கள் மீதிப் பத்து நிமிடத்தைப் பங்கிட்டுக்கொண்டோம், அதிலும் பாதி நேரம் தலைமை தாங்கியவரைப் பாராட்டும் வரிகளுக்கே போயிற்று. வீடு திரும்பும்போது பஸ்ஸில் அழுகை வந்தது.

வாழ்த்து வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊரில் ஒரு நல்லது நடந்தால் அதை நாலு வரியில் நிலைநிறுத்தி வைப்பதும் கவிஞரின் கடமை. ஒரு துக்கம் நேர்ந்தால் கையறுநிலை பாடுவதும் அப்படித்தான். ஆனால் எதைப் பாடுவது என்பதைக் கவிஞர்தான் முடிவு செய்ய வேண்டும். 1843-இல் வேர்ட்ஸ்வொர்த்தை இங்கிலாந்தின் அரசவைக் கவிஞராக அழைத்தபோது, கட்டளைக்கு எழுதத் தேவையில்லை என்ற உறுதியைப் பெற்ற பிறகே அவர் ஒப்புக்கொண்டார்.

அப்படியானால் ஓர் ஆண்டில் என்னதான் செய்வார்?

கேட்பார். முதல் வேலை அதுதான். அடுத்த வேலை, கேட்டதை ஊருக்குத் திரும்பக் கொடுப்பது.

சேலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். என் தந்தை குழித்தறியில் நெய்தவர். பாவு, ஊடை, நாடா, அச்சு, விழுது, தார் என்ற சொற்களைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். எங்கள் தெருவில் இன்று பாதி வீடுகளில் தறிச் சத்தம் இல்லை. சத்தம் போனால் சொல்லும் பின்னாலேயே போய்விடும். கவிதைக் கூட்டத்துக்கு வந்த ஒரு முதிய நெசவாளர், பாவில் இழை அறுந்தால் முடிச்சுப் போடும் விதத்தை விரல்களாலேயே காட்டினார், அதற்குத் தன் தெருவில் வழங்கிய சொல்லையும் சொன்னார். நாங்கள் யாரும் அதுவரை கேட்டதில்லை. அன்று அதை ஒரு பையன் நோட்டில் எழுதிக்கொண்டான். நகரக் கவிஞர் என்று ஒருவர் இருந்தால் இந்த வேலை தற்செயலாக நடக்காது, மாதம் ஒரு தெருவில் திட்டமிட்டு நடக்கும்.

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் உண்டு. லீ பஜாரில் மூட்டை தூக்குகிறவர்களுக்கென்று ஒரு பேச்சு உண்டு. ஆடியில் மாரியம்மன் பண்டிகை வந்துவிட்டால் குகை என்ற பகுதியில் வண்டி வேடிக்கை. புராணக் காட்சிகளுக்கு வேடம் கட்டிக்கொண்டு வண்டிகளில் வருகிறவர்களைப் பார்க்க ஊரே திரளும். வேடம் கட்டுகிறவர்கள் அன்று என்ன நினைக்கிறார்கள் என்று யாராவது எழுதியிருக்கிறார்களா? திருமணிமுத்தாறு நகரின் நடுவே ஓடுகிறது. பெயரில் மணியும் முத்தும் இருக்கின்றன. நீரைப் பார்த்தால் மனம் கலங்கும். அந்த ஆற்றங்கரைப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, ஆற்றைப் பார்த்து ஆளுக்கு நாலு வரி எழுதச் சொன்னால், அது எந்த அறிக்கையிலும் வராத சாட்சியம்.

மாநகராட்சிப் பள்ளிகளில் வாரம் ஒரு வகுப்பு, கிளை நூலகங்களின் வாசகர் வட்டத்தில் மாதம் ஒரு கூட்டம், முதியோர் இல்லத்தில் நினைவுகளைச் சொல்லவைத்து எழுதிக்கொள்வது, மத்தியச் சிறையில் அனுமதி கிடைத்தால் வாசிப்பு, புத்தகத் திருவிழாவில் முதல் முறை எழுதுகிறவர்களுக்கு ஒரு மேடை. இதில் பாதி நடந்தாலே போதும். ஆண்டு முடிவில் ஒரு தொகுப்பு வர வேண்டும். அதில் நகரக் கவிஞரின் கவிதை ஒன்றே ஒன்று இருந்தால் போதும், மற்றவை எல்லாம் ஊராருடையவை.

ஏற்காட்டுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? அது மாநகராட்சி எல்லைக்குள் இல்லையே?

எல்லை வரிக்கு உண்டு, பாட்டுக்கு இல்லை. சேர்வராயன் மலையைப் பார்த்துக்கொண்டுதான் சேலம் தினமும் விழிக்கிறது. அந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் தமிழ் பேசுகிறவர்கள், பெயரை வைத்துக் கேரளத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்களுடைய வாய்மொழி மரபு. சேர்வராயனும் காவேரியம்மனும் குடிகொண்ட குகைக் கோயிலின் திருவிழாவுக்குச் சுற்றுவட்டார மலைக் கிராமங்களிலிருந்து வந்து சேர்கிறார்கள். அவர்களுடைய பாட்டுகளை, அவர்கள் சம்மதத்தோடு, அவர்கள் பிள்ளைகளே எழுதிவைக்க நகரக் கவிஞர் துணை நிற்கலாம். தானே போய்ச் சேகரித்துத் தன் பெயரில் புத்தகம் போடக் கூடாது. இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

மே மாதக் கோடை விழாவில் மலர்க் கண்காட்சி பார்க்க ஊரெல்லாம் இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போகிறது. அந்தக் கூட்டத்தின் நடுவே ஒரு மாலை, காப்பித் தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் கதையைச் சொல்ல ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்.

மரபுக் கவிஞரா, புதுக்கவிஞரா?

இரண்டும். சேலத்தில் வாழ்ந்த சி. மணி தமிழ்ப் புதுக்கவிதையின் முன்னோடிகளுள் ஒருவர், ‘நடை’ என்ற சிற்றிதழை நடத்தியவர். யாப்பைப் பற்றி நூல் எழுதியவரும் அவரே. வானம்பாடி என்ற புதுக்கவிதை இயக்கத்தின் கவிஞர் தமிழ்நாடனும் சேலத்துக்காரர். இந்தச் சண்டையை நம் ஊர் எப்போதோ கடந்துவிட்டது.

சேலத்தில் தமிழ் மட்டுமா பேசுகிறோம்?

நல்ல கேள்வி. கேட்டவர் எங்கள் தெருவின் சௌராஷ்டிர அம்மா. வீட்டில் சௌராஷ்டிரமும் தெருவில் தமிழும் பேசுகிறவர். தெலுங்கு, கன்னடம், உருது பேசும் குடும்பங்களும் தலைமுறை தலைமுறையாக இங்கே இருக்கின்றன. நெசவே இந்த மொழிகளை எல்லாம் ஒரே ஊரில் சேர்த்து வைத்தது என்று சொன்னால் அது மிகையாகாது. நகரக் கவிஞர் தமிழில் எழுதுகிறவராக இருக்கட்டும். ஆனால் அவருடைய கூட்டத்தில் ஒரு சௌராஷ்டிரத் தாலாட்டுக்கும் ஓர் உருது கஜலுக்கும் இடம் இருக்க வேண்டும். பாடியதும் பாடியவரே தமிழில் பொருள் சொல்வார். அந்த அம்மா இப்போது எங்கள் கூட்டத்துக்கு வருகிறார், தாலாட்டோடு.

சம்பளம் உண்டா? பணம் எங்கிருந்து வரும்?

மதிப்பூதியம் கட்டாயம் வேண்டும். ‘தமிழுக்குத் தொண்டு செய்ய எதற்குப் பணம்’ என்று கேட்பவர்கள், மைக் செட்டுக்கும் பந்தலுக்கும் பேரம் பேசாமல் கொடுக்கிறார்கள். கவிஞர் மட்டும் சொந்தக் காசில் பஸ் ஏறி வரவேண்டுமா? டிரைடனுக்கே ஆண்டு ஊதியம் இருந்தது.

கொடுக்கும் முறையும் முக்கியம். பெருஞ்சித்திரனார் என்ற புலவர் அதியமானிடம் பரிசில் நாடி வந்தார். அதியமான் அவரை நேரில் பார்க்காமலே பொருளை அனுப்பி வைத்தான். என்னைக் காணாமல் தந்த இந்தப் பொருளை வாங்கிக்கொள்ள நான் வாணிகப் பரிசிலன் அல்லேன் என்று மறுத்துவிட்டார் புலவர். தினை அளவே ஆனாலும் தகுதி அறிந்து கொடுத்தால் இனியது என்றும் சொன்னார். புறநானூறு 208. நம்முடைய விதிமுறையின் முதல் பக்கத்திலேயே இதை எழுதி வைக்கலாம்.

பணம் வரும் வழி பற்றி என் யோசனை: சொத்து வரி கட்டும்போது நாம் நூலக வரியும் சேர்த்தே கட்டுகிறோம். 1948-இல் பொது நூலகச் சட்டம் இயற்றி நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலம் நம்முடையது. மாவட்ட மைய நூலகத்தை இந்தப் பதவியின் இருப்பிடமாக வைத்து, மாநகராட்சி ஒரு பங்கும் ஊர்க் கொடையாளர்கள் ஒரு பங்கும் தரலாம். அமெரிக்காவில் தேசியக் கவிஞருக்கான பதவி அந்நாட்டு நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகத்தில்தான் இருக்கிறது. 1937-இல் தொடங்கிய அதற்கு ஒரு தனியார் கொடையாளர் வைத்த நிதிதான் ஆதாரம்.

ஆட்சி மாறினால் கவிஞரும் மாறுவாரா? எதிர்த்து எழுதினால் என்ன ஆகும்?

கடினமான கேள்வி. ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் 2002-இல் அமிரி பராக்கா மாநிலக் கவிஞராக இருந்தார். செப்டம்பர் 11 தாக்குதலைப் பற்றி அவர் எழுதிய கவிதை பெரும் சர்ச்சையானது. யூதர்கள் மீது பழி போடுகிறது என்று கண்டனம் எழுந்தது. ஆளுநர் விலகச் சொன்னார், அவர் மறுத்தார். அவரை நீக்கச் சட்டத்தில் வழி இல்லை. கடைசியில் 2003-இல் அந்தப் பதவியையே ஒழித்துவிட்டார்கள். கவிதையின் சரி தவறு ஒருபுறம் இருக்கட்டும், முன்கூட்டியே விதி வகுக்காமல் பதவியை உண்டாக்கினால் அது ஒரே சண்டையில் செத்துப்போகும்.

எனவே தேர்வுக்குழுவில் கட்சிக்காரர்கள் வேண்டாம். நூலகர் ஒருவர், ஆசிரியர் ஒருவர், வாசகர் இருவர், முந்தைய நகரக் கவிஞர். பதவிக்காலம் இரண்டு ஆண்டு, மறுமுறை கிடையாது. நடுவில் நீக்குவதற்கான காரணங்களை எழுத்தில் வைக்க வேண்டும், ‘எழுதியது பிடிக்கவில்லை’ என்பது அந்தப் பட்டியலில் இருக்கக் கூடாது. இங்கிலாந்தில்கூட 1999-இல்தான் அரசவைக் கவிஞரின் ஆயுள் பதவியைப் பத்தாண்டாகக் குறைத்தார்கள். முதல் பெண் கவிஞர் வர 2009 ஆயிற்று. டிரைடனிலிருந்து எண்ணினால் முந்நூற்று நாற்பத்தொரு ஆண்டுகள். நாம் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டாம். ஔவையிடமிருந்து தொடங்குகிறவர்கள் நாம்.

இளைஞர்கள் வருவார்களா?

வருகிறார்கள். அமெரிக்காவில் இளையோருக்கென்று தனியாக ஒரு கவிஞர் பதவி உண்டு. நாட்டளவில் 2017-இல் அதை முதலில் பெற்ற அமாண்டா கோர்மன், 2021-இல் அதிபர் பதவியேற்பு விழாவில் தன் 22 வயதில் கவிதை வாசித்தார். நம் பிள்ளைகளும் செல்பேசியில் இரவு முழுவதும் எழுதிக் குவிக்கிறார்கள். அவர்களுக்கு இல்லாதது, எதிரே உட்கார்ந்து முழுதாகக் கேட்டு, ‘இந்த மூன்றாவது வரி நன்று, ஐந்தாவது வேண்டாம்’ என்று சொல்லும் ஒரு மூத்தவர்.

சாக்கடைக்கே வழியில்லை, கவிஞர் எதற்கு?

சாக்கடையைக் கவிஞர் சரிசெய்ய மாட்டார். சாக்கடைக்கு ஒதுக்கிய பணத்தையும் எடுக்க மாட்டார். எங்கள் தெருவில் மழைநீர் புகுந்த ஆண்டு, மனு எழுதி எழுதிக் கை சோர்ந்தது. பிறகு ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, அப்பாவின் தறிக்குழியில் தண்ணீர் நின்றதையும், அதில் தன் வீட்டுப் பாடப் புத்தகம் மிதந்ததையும் எட்டு வரியில் எழுதினாள். அதை மனுவோடு இணைத்தோம். அதனால்தான் வேலை நடந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வந்து பார்த்த அதிகாரி அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, ‘இந்தக் குழி எது?’ என்று கேட்டார்.

பதவி வரும்வரை நாங்கள் என்ன செய்யலாம்?

உங்கள் கிளை நூலகத்தில் வாசகர் வட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் தொடங்கச் சொல்லுங்கள். வார்டு உறுப்பினரிடம் ஒரு பக்கக் கோரிக்கை கொடுங்கள். உங்கள் தொழிலின் சொற்களை ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள், தேதி போட்டு, சொன்னவர் பெயர் போட்டு.

எனக்குக் கவிதை எழுத வராது. நான் வரலாமா?

வாருங்கள். கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கும் பெண் ஒருவர் மூன்று மாதம் வந்து கடைசி வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். நான்காம் மாதம், பில் தாளின் பின்புறம் எழுதியதை வாசித்தார். நாள் முழுவதும் கொலுசைக் காதருகே ஆட்டி, ஒலிக்காத ஊமைச் சலங்கையைக் கண்டுபிடிப்பது அவர் வேலை. இரவில் தன் குழந்தை கிலுகிலுப்பையை ஆட்டினாலும் அந்தக் காது ஊமையைத் தேடுகிறது என்று எழுதியிருந்தார். யாரும் கைதட்டவில்லை, சற்று நேரம் அப்படியே இருந்தோம். அவர் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, ‘அடுத்த மாதமும் இதே நேரம்தானே?’ என்று கேட்டார்.

இதே நேரம்தான். இரண்டாவது ஞாயிறு, மாலை ஐந்து மணி.